பன்னிரண்டாம் நம்பர் துவக்கும் என் கன்னமும்

கோபத்தில் வாங்கிய எந்தப் பொருளும் எனக்குப் பொருந்தியதில்லை. "உங்கட நிறத்துக்கு இது எடுக்காது அன்ரி" என்று ஒரு கடைக்காரப் பிள்ளை சொன்னதற்காக வாங்கிய மஞ்சள் சேலை இன்னும் மடிப்புக் கலையாமல் அலுமாரியில் கிடக்கிறது. உங்கள் வீட்டு வாசலுக்குள் நுழையாது என்று மச்சாள் சொன்னதற்காக வாங்கிய சோபாவைக் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவந்தோம். அதன் பிறகு அந்தக் கதவு ஒழுங்காகப் பூட்டியதே இல்லை. இவையெல்லாம் சின்ன விஷயங்கள். நான் கோபத்தில் ஒரு துவக்கும் வாங்கியிருக்கிறேன். சுடுகிற துவக்கு, துப்பாக்கி.

(பயப்பட வேண்டாம். இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும்தான் போனது.)

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. இரண்டாயிரம் பிறந்தவுடன் கொம்பியூட்டர்களுக்கெல்லாம் மூளை குழம்பிவிடும், கரன்ற் நிற்கும், வங்கி பூட்டப்படும், குழாயில் தண்ணீர் வராது என்று ஊர் உலகமெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். ஜனவரிக் குளிரில் கரன்ற் இல்லாத ரொறொன்ரோவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்காபரோவில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கனகு அண்ணை இருந்தார். எதைப் பற்றிக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுசர். அவர்தான் எங்கள் பேஸ்மென்றில் கூட்டம் வைத்தார். எங்கள் வீட்டில் விறகு அடுப்பு இருந்ததால், விஷயம் முற்றினால் நான்கு குடும்பங்களும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவது என்று தீர்மானம்.

"ஒரு துவக்கு கட்டாயம் வேணும்" என்றார் கனகு அண்ணை. "சாப்பாடு முடிஞ்சால் முயல் கியல் சுடலாம். இந்தப் பக்கம் முயலுக்கு என்ன குறை?"

நான் தேத்தண்ணீர்த் தட்டோடு படியில் நின்றேன். "ஆர் சுடுறது?"

"அதை ஆம்பிளையள் நாங்கள் பாப்பம் தங்கச்சி. நீங்கள் பொம்பிளையள் சமையலைப் பாருங்கோ."

"வெள்ளிக்கிழமையில முயல் பட்டால் என்ன செய்யிறது?" என்று கேட்டார் என் கணவர் அருள். அவருக்கு வெள்ளி மரக்கறி. அவருடைய கவலை எப்போதும் இந்த அளவில்தான் இருக்கும். நல்ல மனுசன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் பார்க்காத துவக்கு இல்லை. சந்தியில் பார்த்திருக்கிறேன், வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன், ஒருதரம் எங்கள் குசினிக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். வைத்திருந்தவர்களின் உடுப்பு மாறும், பாஷை மாறும். மாறாத விஷயம் ஒன்றுதான்: நான் எப்போதும் துவக்கின் குழாய்ப் பக்கம் நின்றேன். கையில் ஒரு பிள்ளையோ ஒரு பையோ இருக்கும். "போ" என்றால் போனேன், "நில்" என்றால் நின்றேன். முப்பத்தாறு வயது வரை துவக்கின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது, என்னைப் போலவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த நாலு ஆம்பிளைகள், என் வீட்டு பேஸ்மென்றில், என் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு, அந்தப் பின்பக்கத்தைத் தங்களுக்குள் பங்கு போடுகிறார்கள்.

அண்டைக்கே முடிவெடுத்தேன். துவக்கு வரும். என் பெயரில் வரும்.

ஆம்பிளைகள் கோடை முழுக்கக் கதைத்தார்கள். நான் பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் எல்லாம் மான் சுடவும் வாத்து சுடவும் வந்த வெள்ளைக்காரர்கள். படிப்பிப்பவர் ஒவ்வொருவரிடமும் எதை வேட்டையாடப் போகிறீர்கள் என்று கேட்டார். "முயல்" என்றேன். மனதில் வேறு பெயரும் இருந்தது, சொல்லவில்லை. பரீட்சை இரண்டிலும் முதல்தரமே பாஸ். லைசென்ஸ் தருவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடமும் விசாரிப்பார்கள். அருளின் வேலையிடத்துக்குப் போன் வந்ததாம்.

"உங்கள் மனைவி துவக்கு வாங்கப் போகிறார். உங்களுக்குப் பயம் ஏதும் உண்டா?"

"துவக்குக்கு இல்லை" என்றாராம் இவர்.

(நல்லவேளை, அந்த அதிகாரி சிரித்துவிட்டார். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.)

கடை பிக்கரிங் தாண்டி ஒஷாவாப் பக்கம் போகும் வழியில் இருந்தது. உள்ளே கால் வைத்ததுமே வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் வந்து அருளின் கையைப் பிடித்துக் குலுக்கி, என்ன வேண்டும் என்று கேட்டார். அருள் என்னைக் காட்டினார். தாடிக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு உயரம் ஐந்தடி, செருப்போடு சேர்த்து. எனக்கு ஒரு துவக்கு வேண்டும் என்றேன். அவர் உள்ளே போய்க் கட்டையான ஒரு ஷொட்கன்னை எடுத்துவந்தார்.

"இருபதாம் நம்பர். பெண்களும் சிறுவர்களும் இதைத்தான் விரும்புவார்கள்" என்றார்.

பெண்களும் சிறுவர்களும்! பேஸ்மென்றில் ஏறிய சூடு அப்படியே திரும்ப ஏறியது.

"நாங்கள் உள்ளே வரும்போது வாங்கிக்கொண்டு வெளியே போனாரே ஒரு பெரிய மனுசர், அவர் என்ன வாங்கினார்?"

"அது பன்னிரண்டாம் நம்பர்."

ஷொட்கன்னில் நம்பர் குறையக் குறையத் துவக்கின் வாய் பெரிதாகும், உதையும் பெரிதாகும். இதை வகுப்பில் படித்துப் பரீட்சையில் சரியாக எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். கோபம் வந்தால் பரீட்சைப் புள்ளி எங்கே நிற்கும்?

"அதைத் தாங்கோ" என்றேன்.

தாடிக்காரர் அதைக் கொண்டுவந்து, தோளில் வைத்துப் பாருங்கள், பின்கட்டை உங்கள் கைக்கு நீளம் என்றார். தூக்கினேன். கட்டையின் நுனி தோளில் உட்காராமல் கக்கத்துக்குள் போனது. விசையை எட்டிப் பிடிக்கக் கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்ட வேண்டியிருந்தது. கன்னம் எங்கேயோ, குழாய் எங்கேயோ.

"அளவாய் இருக்கு" என்றேன்.

தாடிக்காரர் வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் நின்ற அருள் வேண்டாம் என்று தலையாட்டினார். தாடிக்காரர் வாயை மூடிக்கொண்டார். ஒரு சொல்லும் பேசாமல் இரண்டு ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் அவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டதை நான் அதற்கு முதலோ பிறகோ பார்த்ததில்லை.

அடுத்த கிழமை விட்பிக்கு மேலே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் சுடும் மைதானத்துக்குப் போனோம். அங்கே ஒரு மெஷின் சாசர் அளவான மண் தட்டுகளை ஆகாயத்தில் வீசும். நாங்கள் அதைச் சுட வேண்டும். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் போட்டு, கொக்குக் கழுத்தை நீட்டி, தட்டு வந்ததும் விசையை இழுத்தேன்.

நான் சுட்டேன் என்று சொல்வது அநியாயம். துவக்குத்தான் என்னைச் சுட்டது. தோளில் மாடு முட்டியது. அதே நேரத்தில் கன்னத்தில் யாரோ பலகையால் அறைந்தார்கள். கண்ணைத் திறந்தபோது நான் புல்லில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தேன். துவக்கை மட்டும் கைவிடவில்லை. வகுப்பில் சொன்னபடி குழாய் வயல் பக்கமே பார்த்தது.

அருள் ஓடிவந்தார். "இஞ்சேரும், பட்டதே?"

"தட்டிலயோ? தெரியேல்லை."

"தட்டைக் கேக்கேல்லை. உமக்குப் பட்டதே?"

"இல்லை!" என்று கத்திவிட்டு எழுந்து மறுபடி சுட்டேன். பிறகும் சுட்டேன். வலது கை இனித் தூக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் வரை சுட்டேன். ஒரு தட்டும் உடையவில்லை. அவை தூரத்துப் புல்லில் நல்ல சுகமாகப் போய் இறங்கின.

மறுநாள் விடிய வலது கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அன்று ஒரு சாமத்தியவீடு, தெரிந்த பிள்ளை ஒன்று பெரியபிள்ளையானதற்கு எடுத்த சடங்கு. போகாமல் விட முடியாத இடம். கையைத் தூக்க முடியாததால் அருள்தான் எனக்குத் தலை இழுத்தார். பள்ளிக்கூடப் பொடியனுக்கு இழுப்பது போல ஒரு பக்க வகிடு எடுத்து, தண்ணீர் தடவி, படிய வாரிவிட்டார். சேலைக் கொசுவத்தை அவர் மடித்த வடிவை இங்கே எழுத விருப்பமில்லை. கன்னத்தில் இரண்டு தரம் பவுடர் போட்டேன். மாவில் பிரட்டிய கத்தரிக்காய் போல இருந்தது.

மண்டபத்தில் கனகு அண்ணையின் மனைவி ரஞ்சி அக்கா என்னை வாசலிலேயே பிடித்துவிட்டார். நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"என்னடி தவம் இது?" (தவம் என்பது நான்தான்.)

துவக்கு இடித்தது என்று சொன்னால் போதும், இரவுக்குள் கனகு அண்ணையின் காதுக்குப் போகும். பிறகு வாழ்நாள் முழுக்க "நான் அப்பவே சொன்னனான்" என்பார். அதற்கு இடம் கொடுப்பேனா?

"படியில விழுந்திட்டன் அக்கா."

உலகத்தில் புருசனிடம் அடி வாங்கிய பெண்கள் எல்லோரும் சொல்லும் அதே வசனம். அது வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பந்தியில் இடது கையில் கரண்டி பிடித்துச் சோறு சாப்பிட்டேன். அருள் என் பக்கத்தில் இருந்து பயபக்தியோடு அப்பளத்தை நொறுக்கிப் போட்டார். அவர் அப்பளம் நொறுக்கிய ஒவ்வொரு தரமும் எதிர்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்த பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறான் என்று அர்த்தம்.

இரண்டு நாள் கழித்துத் தூது வந்தது. கனகு அண்ணை, ரஞ்சி அக்கா, அவர்களோடு கோயில் சபைத் தலைவர் மாஸ்ரர். கையில் ஒரு பெட்டி ரோல்ஸ். கதவைக் கழற்றிக் கொண்டுவந்த சோபாவில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் தேத்தண்ணீர் வைத்தேன். மாஸ்ரர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி அருள், குடும்பம் எண்டால் கோபம் வரும். ஆனால் கை நீட்டக்கூடாது."

அருள் தன் கையைப் பார்த்தார். "ஆர் மாஸ்ரர்?"

"ஒளிக்காதையும்" என்றார் கனகு அண்ணை. "முகத்தைப் பாக்கத் தெரியுதே. இது கனடா ஐசே. பொலிஸ் வந்தால் விலங்கு."

"ஐயோ அண்ணை, நானோ? இவவையோ?" அருளின் குரல் கீச்சிட்டது. "நான் எப்பிடி இவவுக்கு அடிக்கிறது? எனக்கென்ன விசரே?"

ரஞ்சி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பயப்பிடாத தவம். இண்டைக்கே எங்களோட வா. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா."

அந்த அழுகை உண்மையான அழுகை. அதை இன்றைக்கும் நான் பகிடி பண்ண மாட்டேன். ஆனால் கண் கலங்கிப்போய் மூலையில் ஒடுங்கி நின்ற என் புருசனைப் பார்க்கப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினேன். வாயால் சொல்லியிருந்தால் போதும். நான் மேலே போய்த் துவக்கை எடுத்துவந்தேன்.

இலங்கையில் இருந்து ஓடிவந்தவர்கள் இருக்கும் ஹோலுக்குள் ஒரு ஷொட்கன்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினால் என்ன நடக்கும் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். மாஸ்ரர் அந்த வயதில் சோபாவின் முதுகைத் தாண்டிப் பின்பக்கம் விழுந்தார். கனகு அண்ணை இரண்டு கையையும் மேலே தூக்கினார். வலது கையில் பாதி கடித்த ரோல்ஸ். ரஞ்சி அக்கா பாய்ந்து போய் அருளை மறைத்துக்கொண்டு நின்றார்.

"தவம், வேண்டாமடி! அவன் அடிச்சவன்தான், அதுக்காகச் சுடாத! பிள்ளையள் பாவம்!"

"வெறுந் துவக்கு அக்கா. பூட்டும் போட்டிருக்கு" என்றார் அருள், ரஞ்சி அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்து.

பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு, லைசென்ஸ், மைதானம், கன்னம். மாஸ்ரர் சோபாவுக்குப் பின்னால் இருந்தபடியே கேட்டார். கனகு அண்ணை கையை இறக்கினார். மிச்ச ரோல்ஸைச் சாப்பிட்டு முடித்தார். பயம் போனதும் அவருக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"அப்ப பிரச்சினை இல்லை. தங்கச்சி, உமக்கு உது ஏலாது எண்டு உம்மட முகமே சொல்லுது. நான் லைசென்ஸ் எடுக்கிறன். துவக்கை என்னட்டத் தாரும். எல்லாருக்கும் நல்லது."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் சுட்டது. என் கன்னமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இந்தத் துவக்கு கைமாறினால் நான் திரும்பக் குழாய்ப் பக்கம்தான். அதற்குப் பிறகு யார் துவக்கு வைத்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

"ஒரு மாசம் தாங்கோ அண்ணை. மைதானத்துக்கு வாங்கோ. என்னை விட ஒரு தட்டாவது கூடுதலாய் உடைச்சால், லைசென்ஸ் எடுத்த அண்டைக்கே தாறன். உடைக்காட்டி, இந்தக் கதை இந்த வீட்டில இனி இல்லை."

"சரி. மாஸ்ரர் சாட்சி" என்றார். சோபாவுக்குப் பின்னால் இருந்து ஒரு கை எழும்பியது.

அடுத்த நாள் பன்னிரண்டாம் நம்பரைக் கொடுத்து மாற்ற அதே கடைக்குத் தனியாகப் போனேன். அதைவிடப் பெரிய அவமானம் என் வாழ்க்கையில் இல்லை. தாடிக்காரர் என் கன்னத்தைப் பார்த்தார். அது இப்போது பச்சையும் மஞ்சளுமாக மாறியிருந்தது. உள்ளே போனார். இந்தத் தரம் ஒன்றல்ல, நாலைந்தை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு என்ன வேலைக்கு வேண்டும்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். முதல் தடவை கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முதல் தடவை நான் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வியும்தான்.

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். சின்ன ரைஃபிள் ஒன்று விசிறி போல லேசாக இருந்தது. ரவையும் மலிவு, உதையும் இல்லை. ஆனால் ஓடுகிற முயலுக்கு என் கண்ணும் கையும் போதாது. இரட்டைக் குழாய் ஒன்று வடிவாக இருந்தது. ஆனால் முன்பாரம் கையை இழுத்தது. கடைசியில் அந்தக் கட்டை இருபதாம் நம்பர். பின்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து விரலை நீட்டச் சொன்னார். விரல் விசையில் சரியாகப் போய் நின்றது. கண்ணை மூடித் தோளில் ஏற்று, பிறகு திற என்றார். திறந்தேன். கன்னம் கட்டையில் படுத்திருந்தது, கண் குழாய்க்கு நேரே இருந்தது. என் அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது.

"குட்டைக் கைக்காரருக்கு நல்லது என்று நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார் தாடிக்காரர்.

"ஓம். அப்பிடித்தான் சொல்லியிருக்க வேணும்" என்றேன். பெண்ணுக்கென்று ஒரு துவக்கு உலகத்தில் இல்லை. என் கைக்கென்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான். இது விளங்க எனக்கு ஒரு கன்னம் செலவானது.

(பெட்டியில் "இளையோருக்கானது" என்று ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. காரில் வைத்தே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன். இதை அருளுக்கும் இன்றுவரை சொல்லவில்லை.)

அந்த மாதம் முழுக்க வேலை முடிந்ததும் நேரே மைதானம். தட்டு நிற்கிற இடத்தைச் சுடக்கூடாது, போகப்போகிற இடத்தைச் சுட வேண்டும் என்று அங்கே ஒரு கிழவர் ஒரே ஒரு தரம் சொன்னார். முதல் தட்டு உடைந்து கறுப்புத் தூளாய்ப் பறந்தபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து வயலில் நின்ற மாடுகள் இடம் மாறின.

சொன்னபடி கனகு அண்ணை வந்தார். மாஸ்ரரும் ரஞ்சி அக்காவும் மடக்குக் கதிரை, பிளாஸ்க் எல்லாம் கொண்டு கிரிக்கெற் பார்க்க வருவது போல வந்தார்கள். கனகு அண்ணைக்கு என் இருபதாம் நம்பரை நீட்டினேன்.

"உது சின்னப் பிள்ளையளின்ர சாமான். எனக்கு ஆம்பிளையள் சுடுறதைத் தாங்கோ."

மைதானக்காரர் பக்கத்தில் நின்று தங்கள் பன்னிரண்டாம் நம்பரைக் கொடுத்தார். தோளோடு இறுக்கிப் பிடியுங்கள் என்று நான் தமிழிலும் சொன்னேன், அவர் ஆங்கிலத்திலும் சொன்னார். "தெரியும், தெரியும்" என்றார் அண்ணை. துவக்கைத் தோளில் இருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு இழுத்தார்.

மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் போனது, அண்ணை மறுபக்கம் போனார். தட்டு நேரே போய்ப் புல்லில் இறங்கியது. மைதானக்காரர் துவக்கை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"காத்து" என்றார் அண்ணை, புல்லில் இருந்தபடி. "காத்து மாத்திப்போட்டுது."

ஒரு இலை அசையவில்லை.

"எழும்பி மற்றதையும் சுடுங்கோவன் அப்பா" என்றார் ரஞ்சி அக்கா. அண்ணை தன் தோளைத் தடவியபடி, கண்ணாடி இல்லாமல் தட்டுத் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

என் முறை வந்தது. முதல் தட்டு தப்பிப் போனது. ரஞ்சி அக்கா "ஐயோ" என்றார்; என் பக்கம் நின்றுதான் சொன்னார் என்பது எனக்குக் கேட்டது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவதும் உடைந்தது. நான்காவது உடைந்தபோது மாஸ்ரர் எழுந்து நின்று கை தட்டினார். நான் துவக்கைத் திறந்து வெறுமையாக்கி, குழாயை வயல் பக்கம் பிடித்துக்கொண்டு, திரும்பி நின்றேன். பின்பக்கம் என் கையில் இருந்தது.

அதோடு அந்தக் கதை எங்கள் வீட்டில் முடிந்தது. கோயிலில் மட்டும் கொஞ்ச நாள் ஓடியது. கன்னம் வீங்கி வந்த கனகு அண்ணையைப் பார்த்துவிட்டு, ரஞ்சி அக்காவிடம் யாரோ மெதுவாக, "கோபம் வந்தால் வாயால பேசுங்கோ அக்கா" என்று புத்தி சொன்னார்களாம். ரஞ்சி அக்கா மறுக்கவில்லை. அடுத்த துவக்கு வகுப்புக்கு என்னிடம் விலாசம் கேட்டு வந்தார்.

புதுவருடத்துக்கு நான்கு குடும்பங்களும் எங்கள் பேஸ்மென்றுக்கு வந்தார்கள். சமையலை ஆம்பிளைகள் பார்த்தார்கள், உப்பு இல்லை. துவக்கு மேலே பூட்டுக்குள் இருந்தது. நான் கதவடியில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாயிரம் பிறந்தது. ஒரு லைற் கூட இமைக்கவில்லை.

போன வருடம் எங்கள் மகளின் கலியாண விருந்தில் அருள் மைக்கைப் பிடித்தார். இரண்டாயிரத்தில் உலகத்துக் கொம்பியூட்டர்களையெல்லாம் பெரிய பெரிய மூளைகள் இரவு பகலாகத் திருத்தினார்கள் என்றும், ஸ்காபரோவில் மட்டும் யாரும் ஒன்றையும் திருத்தவில்லை என்றும் சொன்னார். "அதுகள் என்ர மனுசிக்குப் பயந்துதான் ஒழுங்காய் ஓடினது." மண்டபம் முழுக்கச் சிரித்தது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள், மறுக்கப்போகிறேனா என்று.

நான் ஏன் மறுக்க வேண்டும்?